தப்புக்கு ஒரு கேக்

எங்கள் விமானப்படைத் தளத்தில் தப்பு செய்தவர் கேக் தர வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம் இது. எழுதி வைத்த சட்டங்களைவிட இதற்குத்தான் எல்லோரும் அதிகம் பயந்தார்கள். இழுவை வண்டியைக் கொட்டகைக் கதவில் கொண்டுபோய் மோதியவன் கேக் தந்தான். ஞாயிறு பிரார்த்தனைக்கு எழுந்திருக்காமல் தூங்கிப்போன படைப் பாதிரியார் தந்தார். சாவியை உள்ளே வைத்துக் காரைப் பூட்டிவிட்டு மழையில் நின்ற கர்னலும் தந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலைக் காபிக்கு எல்லோரும் கூடுவார்கள். தப்பு செய்தவர் கேக்கை நடுமேசையில் வைத்து, ‘நான் இன்ன காரியம் செய்தேன்’ என்று எழுந்து நின்று சொல்வார். சிரிப்பார்கள், தின்பார்கள், அத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

அந்தக் கேக்குகளையெல்லாம் சுட்டவள் நான். பெயர் ரிக்மோர். தளத்தின் காண்டீன் என் கையில் இருந்தது. மூன்று அடுக்கு, நடுவில் ராஸ்பெர்ரி, மேலே பாலாடை. நல்ல வழக்கம்தானே, தப்பைச் சொல்லிவிட்டு இனிப்புத் தின்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போடிலுக்கு அவர்கள் செய்ததைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

போடில் டோஃப்ட் படைக்காரி அல்ல. ஹெர்னிங் ஊரின் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் பெண்ணாக வேலையைத் தொடங்கியவள். நாலு பக்கமும் ஆட்கள் காதில் கத்தும்போது குரலை உயர்த்தாமல் பதில் சொல்லும் பழக்கம் அங்கே வந்தது. பிறகு பரீட்சை எழுதி, கோபன்ஹேகனின் பெரிய விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கவும் ஏறவும் வழி சொல்லும் வேலைக்குப் போனாள். அங்கே நிம்மதியாகத்தான் இருந்தாள். பால் லாரி ஓட்டும் வெர்னரைக் கட்டிக்கொண்டதால் எங்கள் பக்கம் வர நேர்ந்தது. கோபன்ஹேகனில் மனிதன் மூச்சுவிடக் காற்று இல்லை என்பது வெர்னரின் கட்சி. எங்கள் மேற்கு யூட்லாந்தில் அந்தக் குறை கிடையாது. துணி காயப்போட்டால் அடுத்த பண்ணையில் போய்த்தான் பொறுக்கி எடுக்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தளத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்காரப் படைக்குப் போதிய ஆள் இல்லை. அதனால் வெளியிலிருந்து மூன்று சிவிலியன்களை எடுத்தார்கள். அதில் ஒருத்தி போடில். போர் விமானங்கள் பறக்கிற அதே ஓடுபாதையில்தான் தபால் விமானமும், அவ்வப்போது ஆஸ்பத்திரி விமானமும் வந்து இறங்கும். எல்லாவற்றுக்கும் வரிசை சொல்வது கோபுரத்தின் வேலை. கோபுரத்தில் மைக்கைப் பிடித்தால் கர்னலின் விமானமும் அவள் சொன்னால்தான் இறங்க முடியும். கீழே இறங்கி வந்துவிட்டாலோ, மூக்குக் கண்ணாடியும் பின்னல் சட்டையும் போட்ட ஒரு பொம்பளை. அவ்வளவுதான் மரியாதை.

அதிகாரிகளுக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம், சார்ஜெண்டுகளுக்கு ஒன்று, கட்டாயப் படைச் சேவைக்கு வந்த பையன்களுக்கு ஒன்று. தோளில் பட்டை இல்லாதவள் எந்தக் கூடத்தில் உட்காருவாள்? முதல் நாள் தட்டை ஏந்திக்கொண்டு மூன்று வாசலிலும் நின்றுவிட்டு என் சமையலறைக்கு வந்தாள்.

“இங்க உக்காந்துக்கலாமா? இங்க உக்காரவும் ஏதாவது பட்டை வேணுமா?” என்றாள்.

“வெங்காயம் உரிக்கத் தெரிஞ்சா போதும், உக்காரு” என்றேன்.

அன்று தொடங்கி அவள் சாப்பாடு என் வெட்டு மேசை ஓரத்தில்தான். கறுப்பு ரொட்டி, அதன் மேல் ஈரல் விழுது, ஊறவைத்த பீட்ரூட். எதையும் வேகமாகத் தின்ன மாட்டாள். எதையும் வேகமாகச் சொல்லவும் மாட்டாள், மைக்கில் தவிர.

விமானம் தரையிறங்கும் முன்னால் கோபுரத்திலிருந்து ஒரு கேள்வி போகும்: “சக்கரம்?” விமானி தன் முன்னால் இருக்கிற விளக்குகளைப் பார்க்க வேண்டும். மூன்று சக்கரமும் இறங்கிப் பூட்டிக்கொண்டிருந்தால் மூன்று பச்சை விளக்கு எரியும். அதைப் பார்த்துவிட்டு, “மூணு பச்சை” என்று பதில் சொல்ல வேண்டும். இதுதான் முறை. ஆனால் ஒரு விமானி வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை இதைச் சொல்வான்! கண் பார்க்காமலே நாக்கு சொல்லப் பழகிவிடும். அதனால்தான் கோபுரத்தில் இருப்பவர் பதிலைக் கேட்டதோடு விடாமல், தொலைநோக்கியை எடுத்துத் தன் கண்ணாலும் பார்த்துக்கொள்வார்.

இனி யெஸ்பரிடம் வருகிறேன். கேப்டன் யெஸ்பர் ராவ்ன்ஹோல்ட், விமானிகளில் செல்லப் பிள்ளை. நன்றாக ஓட்டுவான், இல்லை என்று சொல்ல மாட்டேன். காண்டீனுக்குள் வந்தால் என் வேலைக்காரப் பெண்கள் கொண்டையைச் சரிசெய்துகொள்வார்கள். அவனுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, காத்திருப்பது.

நவம்பர் மாதம், தூறல் நாள். யெஸ்பர் இறங்க வருகிறான். அவனுக்கு முன்னால் இறங்கிய தபால் விமானம் ஓடுபாதையிலிருந்து இன்னும் விலகவில்லை. போடில் அவனை மேலே ஏறிச் சுற்றி வரச் சொன்னாள். ஏறினான். ஏறும்போது சக்கரங்களை உள்ளே மடக்கினான், அது சரி. ஒரு தபால் மூட்டைக்காக என்னைச் சுற்ற விடுகிறாளே என்ற கோபத்தோடு ஒரு வட்டம் போட்டுவிட்டு மறுபடி வந்தான்.

“சக்கரம்?”

“மூணு பச்சை.”

போடில் தொலைநோக்கியில் பார்த்தாள். விமானத்தின் வயிற்றுப் பக்கம் மீன் மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு சக்கரமும் இல்லை.

“மேல ஏறு! சக்கரம் இல்ல! ஏறு!”

அவன் ஏறினான். மூன்றாம் முறை வந்தபோது சக்கரங்கள் இருந்தன. பத்திரமாக இறங்கினான். அவள் அப்படிக் கத்தியிருக்காவிட்டால் அவன் வயிற்றால் தேய்த்துக்கொண்டு போயிருப்பான், அடியில் மிச்ச எரிபொருள் இருக்கிற தொட்டியோடு. ஒரு மனிதனுக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்த ஒருத்திக்கு என்ன செய்யலாம்? ஒரு நன்றி சொல்லலாம். வழக்கப்படி வெள்ளிக்கிழமை ஒரு கேக் கொண்டுவந்து வைத்து, ‘சக்கரத்தை மறந்தேன், போடில் பார்த்தாள்’ என்று சொல்லலாம். எல்லோரும் கைதட்டியிருப்பார்கள்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? இறங்கியதும் நேரே என் காண்டீனுக்கு வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, “டவர்ல இருக்கிற அம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சு. சக்கரம் எறங்கித்தான் இருந்துது. ஒரே நாள்ல என்னை ரெண்டு தடவ வெரட்டிட்டாங்க!” என்றான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று எனக்கு அப்போதே பட்டது. சர்க்கரையே போடாதவன் காபியில் நாலு கரண்டி அள்ளிப் போட்டான். ஆனால் சர்க்கரை சாட்சி ஆகுமா? கோபுரத்தில் போடிலோடு இருந்த சார்ஜெண்ட் அந்த நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சைப் பதிவு செய்யும் நாடாவைப் போட்டுக் கேட்டார்கள். அதில் யெஸ்பரின் குரல் மணி அடித்த மாதிரி, “மூணு பச்சை” என்றது. நாடாவுக்கு வாய் உண்டு, கண் இல்லை. அந்தக் குருட்டு நாடாவை நம்பினார்கள், இவள் கண்ணை நம்பவில்லை.

கர்னல் லிண்டகோர் நல்ல மனிதர்தான். தண்டனை, விசாரணை ஒன்றும் வேண்டாம், பாதுகாப்பை நினைத்துச் செய்தது தப்பானாலும் தப்பே அல்ல என்று இரண்டு பக்கமும் தட்டிக்கொடுத்து முடித்துவிட்டார். விமானிகள் முடிக்கவில்லை. நல்லபடியாக இறங்கிக்கொண்டிருந்த விமானத்தைக் காரணமில்லாமல் விரட்டியது தப்பு, தப்புக்குக் கேக் வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். யெஸ்பர்தான் தூண்டிவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான், அது போதாதா?

“கேக் தர மாட்டேன்” என்றாள் போடில்.

அன்று மட்டுமல்ல. டிசம்பரிலும் அதையே சொன்னாள், பனி கொட்டிய ஜனவரியிலும் அதையே சொன்னாள். அவர்கள் விட்டார்களா? காண்டீன் அறிவிப்புப் பலகையில் மூக்குக் கண்ணாடிக் கடை விளம்பரங்களை வெட்டி ஒட்டினார்கள். நான் கிழிப்பேன், மறுநாள் இரண்டாக முளைக்கும். கிறிஸ்துமஸ் விருந்தில் அவளுக்குப் பரிசு என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். பிரித்தால் குருடர்கள் கையில் வைத்திருக்கும் வெள்ளைத் தடி. கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அவள் தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வறுத்த வாத்தை வெட்டித் தின்னத் தொடங்கினாள்.

எல்லாவற்றிலும் கொடுமை வானத்தில் நடந்தது. ஒவ்வொருவனும் இறங்க வரும்போது அவள் “சக்கரம்?” என்று கேட்பாள். பதில் எப்படி வரும் தெரியுமா?

“மூணு பச்சை, ஒரு கேக்.”

ஒரு நாளில் எத்தனை விமானம் இறங்குமோ அத்தனை தடவை. காதில் மாட்டிய கருவியைக் கழற்ற முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். இதற்கு ‘தமாஷ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வளர்ந்த ஆண்கள், பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்கள்!

ஒரு மதியம் நானே அவளிடம் கேட்டேன். “ஏண்டி, ஒரு கேக்தானே. முட்டையும் மாவும் என்னோடது. தூக்கி அவனுங்க மூஞ்சில வீசிட்டு வந்துடேன். நிம்மதியா இருக்கலாம்ல?”

ரொட்டியைக் கீழே வைத்தாள்.

“ரிக்மோர், எனக்கு அங்க துப்பாக்கி கெடையாது, பட்டை கெடையாது. கண்ணு இருக்கு, வாய் இருக்கு. கண்ணு பாத்தா வாய் சொல்லணும். நடுவுல யாரும் வரக் கூடாது. நான் அந்தக் கேக்க வச்சேன்னா, என் கண்ணு பொய் சொல்லிச்சுன்னு நானே எந்திரிச்சு நின்னு சொல்ற மாதிரி. அப்புறம் அடுத்த தடவ என் வாய் என் கண்ண கேக்கும், ‘நெஜமாத்தான் பாத்தியா’ன்னு.”

“அவனுங்களுக்கு இதெல்லாம் புரியும்னு நெனைக்கிறியா?”

“யெஸ்பருக்குப் புரியும். அவன் அன்னிக்கு எறங்கினதுலேருந்து என் முகத்த நேரா பாக்கறதில்ல.”

அது உண்மை. எனக்கே தெரியும். அவன் என் காண்டீனில் மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பான். அவள் தட்டோடு நடந்து போகும்போது மட்டும் உப்பு டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருப்பான்.

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். அவளைக் கரைத்தது கேலி அல்ல. கேலியைத் தாங்கிக்கொண்டாள். நல்லவர்கள் வந்து நல்ல வார்த்தை பேசினார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் வெர்னர், “நீ சரின்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அப்புறம் என்ன? குடுத்துத் தொலை. ராத்திரி தூக்கத்துல பல்லக் கடிக்கிற” என்றார். கூட வேலை செய்த மற்ற இரண்டு சிவிலியன்களும் தயங்கித் தயங்கி வந்தார்கள். “போடில், சிவிலியன்லாம் ஒத்துப் போக மாட்டேங்கிறாங்கன்னு மேலிடத்துல ஒரு பேச்சு ஓடுது. அடுத்த வருஷம் நம்ம மூணு பேரையும் வச்சுப்பாங்களோ என்னவோ” என்றார்கள். கடைசியாகக் கர்னல் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காபி ஊற்றிக் கொடுத்தார். அவள் என் சமையலறைக்கு வந்து, கர்னல் சொன்னதை அப்படியே சொன்னாள்.

“போடில், யாரு சரி யாரு தப்புன்னு நான் கேக்கல. டவருக்கும் விமானிகளுக்கும் நடுவுல இப்படி ஒரு கசப்பு இருந்தா அது ஆபத்து. நீங்க அனுபவசாலி. பாதுகாப்ப நெனச்சுப் பாருங்க. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்.”

பாதுகாப்பு! அந்த வார்த்தையைச் சொன்னால் அவள் விழுந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். யெஸ்பரைக் கூப்பிட்டு, ‘நீ பெரிய மனசு பண்ணு’ என்று அவர் ஏன் சொல்லவில்லை? பெரிய மனது எப்போதும் பட்டை இல்லாதவர்களுக்குத்தான் வேண்டும் போலிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“என்ன பண்ணப் போற?” என்றேன்.

“மூணு அடுக்கு” என்றாள். “ராஸ்பெர்ரி வச்சது. எல்லாரும் குடுக்கற மாதிரியே.”

சுட்டுக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெறுப்போடு முட்டை அடித்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவளே தட்டைத் தூக்கிக்கொண்டு விமானிகளின் கட்டிடத்துக்கு நடந்தாள். காபிப் பானையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். கேக்கைப் பார்த்ததும் மேசையைத் தட்டி ஒரே ஆரவாரம். வழக்கப்படி எழுந்து நின்று சொல்ல வேண்டும் அல்லவா? நின்றாள்.

“நவம்பர்ல ஒரு விமானத்த மேல அனுப்பினேன்” என்றாள். “சக்கரம் எறங்கித்தான் இருந்துதாம்.”

அந்த ‘தாம்’ யார் காதிலும் ஏறவில்லை. கைதட்டினார்கள். யெஸ்பர் கையில் கத்தியைக் கொடுத்து முதல் துண்டை வெட்டச் சொன்னார்கள். வெட்டினான். பக்கத்தில் ஒருவன், “கேரட் போட்டிருக்கா போடில்? கண்ணுக்கு நல்லதாம்!” என்றான். யெஸ்பர் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். கர்னல் அவள் தோளில் கை வைத்து, “இதான் போடில், இதான் நம்ம குடும்பம்” என்றார். ஒரு துண்டு மிச்சமில்லை. காலித் தட்டை எடுத்துக்கொண்டு இருவரும் திரும்பி நடந்தோம். வழியெல்லாம் என் வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது.

அதன் பிறகு எல்லாம் நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். வானத்தில் கேலி நின்றது. அறிவிப்புப் பலகை சுத்தமானது. “பாத்தியா, ஒரு கேக்குல முடிஞ்சுது” என்று எல்லோருக்கும் திருப்தி. அவளிடம் நான் மட்டும் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் என் அலமாரியில் இருக்கிற ஜாடியை இங்கிருந்தே பார்த்து, “உப்பு தீந்துடுச்சு, ரிக்மோர்” என்பாள். இப்போது எழுந்து போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். கேக் எதற்கு? தப்பு செய்தவன் வெட்கப்பட்டு நினைவில் வைத்துக்கொள்வதற்கு. தப்பு செய்தவன் தரவில்லை, அதனால் அவனுக்கு மறந்துபோயிற்று. செய்யாதவள் தந்தாள், அவளுக்கு நினைவில் நின்றது. ஒரு நல்ல வழக்கத்தைத் தலைகீழாகப் பிடித்தால் இதுதான் நடக்கும்.

ஜூன் மாதம். தூறல் இல்லை, மேகம் இல்லை, கண் கூசுகிற வெயில். யெஸ்பர் இறங்க வருகிற நேரம் ஓடுபாதையில் கடற்பறவைக் கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றும் கோபுரத்தில் போடில்தான். சுற்றி வரச் சொன்னாள்.

“மறுபடியுமா?” என்றான். சக்கரத்தை மடக்கிக்கொண்டு ஏறினான். பறவைகளை விரட்ட வண்டி போய் வந்தது. அவனும் முறுக்கிக்கொண்டு வந்தான்.

“சக்கரம்?”

“மூணு பச்சை.”

நான் அப்போது காண்டீன் பின்வாசலில் உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டிக்கொண்டிருந்தேன். முதலில் இயந்திரம் அலறுகிற சத்தம் கேட்டது. திரும்பினால், ஓடுபாதையின் மேல் தீப்பொறி ஆறு மாதிரி ஓடுகிறது. அதற்கு முன்னால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு தரையோடு தரையாகப் போகிறது. போய், எப்படியோ மரங்களுக்கு மேலே எழும்பியது. சூடான உலோக வாடை என் சமையலறை வரை வந்தது. தீயணைப்பு வண்டிகள் கிளம்பின. ஒரு பெரிய வட்டம் போட்டு, சக்கரங்கள் இறங்கி, அவன் தரைக்கு வந்து சேர்ந்தான். வயிற்றடியில் இருந்த தொட்டி தகர டப்பாவைக் கல்லில் தேய்த்த மாதிரி கிழிந்து தொங்கியது. நல்லவேளை, அதில் எரிபொருள் தீர்ந்திருந்தது. இல்லையென்றால் பொறுக்கி எடுக்க ஒன்றும் இருந்திருக்காது.

எல்லோரும் விமானத்தை நோக்கி ஓடினார்கள். நான் கோபுரத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் போடில் படியிறங்கி வந்தாள். மைக்கை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். பின்னல் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே விமானிகளின் கட்டிடத்துக்கு நேராக நடந்தாள். அந்த நடை எனக்குப் பயமாக இருந்தது. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் பின்னால் ஓடினேன்.

உள்ளே எல்லோரும் இருந்தார்கள். கர்னல் வந்திருந்தார். யெஸ்பர் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். அந்தக் கட்டிடத்துக்குள் சிவிலியன் நுழைவதென்றால் கதவைத் தட்ட வேண்டும். போடில் தட்டவில்லை.

“போடில், உக்காருங்க” என்றார் கர்னல். “யாருக்கும் அடி படல. கடவுள் புண்ணியம். நீங்க சொன்னதாலதான்...”

“நான் லேட்டா சொன்னேன்.”

“பரவால்ல, சொன்னீங்கல்ல.”

“பரவால்ல இல்ல, கர்னல். மரங்களத் தாண்டும்போதே பாத்துட்டேன், சக்கரம் இல்லன்னு. அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. திரும்பப் பாத்தேன். தொலைநோக்கிய எறக்கி, என் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுட்டு மறுபடி பாத்தேன். அப்புறம்தான் வாய் தெறந்துது. இத்தன வருஷத்துல நான் அப்படி நின்னதே இல்ல.” அவள் குரல் உயரவில்லை. “ஏன் நின்னேன்னு கேளுங்க.”

யாரும் கேட்கும் வரை அவள் காத்திருக்கவில்லை.

“நீங்க எல்லாரும் சேந்து உக்காந்து அந்தக் கேக்கத் தின்னீங்களே, அதனாலதான் நின்னேன்.”

மூலையில் காபிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் தொடர்ந்தாள்.

“இன்னிக்கு நான் தாமதிச்சது என் தப்பு. யாரு விசாரிக்க வந்தாலும் அதையேதான் சொல்வேன். இந்தத் தடவ தப்பு என்னோடதுதான், மறைக்க மாட்டேன். இன்னொன்னையும் கேட்டுக்கங்க. இனிமே யாரு வந்தாலும், பாதி சந்தேகம் வந்தாலும் மேல அனுப்புவேன். பத்துத் தடவன்னாலும் சுத்த விடுவேன். சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்கங்க.”

யெஸ்பர் எழுந்தான். தலைக்கவசத்தை நாற்காலியில் வைத்தான். நவம்பருக்குப் பிறகு முதல் முறையாக அவள் முகத்தை நேரே பார்த்தான். கிட்டே வந்து, பக்கத்தில் நின்ற எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னான்.

“போடில்... அன்னிக்கும் சக்கரம் எறங்கல. நீங்க கத்தினதுக்கு அப்புறம்தான் சக்கரத்த எறக்கற கைப்பிடியப் பாத்தேன். மேலதான் இருந்துது. சொல்ல வெக்கமா இருந்துது. அப்புறம் எல்லாரும் சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதுக்கப்புறம் சொல்லவே முடியல.”

எனக்குக் கை பரபரத்தது. அந்தக் கொதிக்கிற பானையை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. போடில் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்கிட்ட ஏன் சொல்ற?” என்றாள். “உன்னத் தவிர இந்த ரூம்ல அது ஏற்கெனவே தெரிஞ்சவ நான் ஒருத்திதான். திரும்பி நின்னு அவங்ககிட்ட சொல்லு. சத்தமா சொல்லு.”

அவன் மெதுவாகத் திரும்பினான். “நவம்பர்ல...” என்று ஆரம்பித்தான். அவன் சொல்லி முடிப்பதைக் கேட்க அவள் நிற்கவில்லை. அவளுக்கு ஷிஃப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது, வெளியே போய்விட்டாள். நான் போகவில்லை. கடைசி வார்த்தை வரை சொல்லாமல் அவன் அந்த அறையை விட்டுப் போகக் கூடாது என்று, ஏப்ரனோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.